இடித்த கணக்கு: காமர்ஸ் அசோசியேஷனில் ஒரு வருடம்

பி.காம் மூன்றாம் ஆண்டில் எங்கள் துறையின் காமர்ஸ் அசோசியேஷனுக்கு என்னைப் பொருளாளர் ஆக்கினார்கள். தேர்தல் எல்லாம் கிடையாது. "நீதான் நோட்டை நீட்டா வச்சிருப்ப" என்று சொல்லித் தலையில் கட்டிவிட்டார்கள். தலைவரும் செயலாளரும் பையன்கள், பொருளாளர் கையெழுத்து நன்றாக இருக்கும் ஒரு பெண். விருதுநகரைச் சுற்றி நான் இன்டர்காலேஜ் மீட்டுக்கு, அதாவது கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் போட்டிகளுக்கு, போன நாலைந்து கல்லூரிகளிலும் இதேதான் நடைமுறை. கையெழுத்துக்கும் கணக்குக்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்பது அந்த வருடம் முடிவதற்குள் எனக்குத் தெரிந்துபோனது.

இது 2022-இல் நடந்தது. நாங்கள் கொரோனா காலத்தில் செல்போன் வழியாகவே கல்லூரியில் சேர்ந்தவர்கள். இரண்டு வருடம் அசோசியேஷன் என்று ஒன்று நடக்கவே இல்லை. அதை நடத்திப் பழகிய சீனியர்கள் எல்லாரும் படித்து முடித்துப் போய்விட்டார்கள். துறை அலமாரியிலிருந்து எனக்குக் கிடைத்தது ஒரு காக்கிக் கவர். அதற்குள் 1,240 ரூபாய், பாதி தீர்ந்த ரசீது புத்தகம், துருப்பிடித்த ஸ்டேப்ளர். போன மீட்டுக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள், சாப்பாட்டுக்கு என்ன ஆனது, ஒரு வரி கிடையாது. மூவாயிரம் மாணவர்களுக்குக் கணக்குப்பதிவியல் சொல்லிக்கொடுத்த துறையில் சொந்தக் கணக்கு இல்லை என்பது அப்போது சிரிப்பாக இருந்தது.

என் தாத்தா பருப்பு மண்டியில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். ராத்திரி ஒரு ரூபாய் இடித்தாலும் கடையை அடைக்க விடமாட்டாராம். அந்த வீட்டுப் பெண்ணுக்கு அசோசியேஷன் கணக்கு ஒரு பொருட்டா என்ற நினைப்பு எனக்கு இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அசோசியேஷனுக்கு வருமானம் என்றால் சந்தாதான். ஆளுக்கு 100 ரூபாய். மூன்று வகுப்பிலும் சேர்த்து 176 பேர் கட்டினார்கள், 17,600 ரூபாய். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் ஏதாவது நடத்த வேண்டும். முதலில் செல்போனில் பங்குச் சந்தை விளையாட்டு வைத்தோம். இரண்டாம் வாரமே ஏழு பேர்தான் மிஞ்சினார்கள். டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேர் வகுப்புக்குக் கூட்டம் வந்தது, ஆனால் லேபில் கம்ப்யூட்டர் பத்தவில்லை. நன்றாக நடந்தது ஒன்றே ஒன்று, மண்டிக்குக் கூட்டிப் போனது. செலவும் இல்லை, அவரவர் டவுன் பஸ்ஸில் வந்தார்கள். தாத்தாவுக்குத் தெரிந்த கடையில் பேரேட்டைத் திறந்து காட்டினார்கள். பக்கத்தின் தலைப்பில் பிள்ளையார் சுழி, கீழே வரவு, பற்று, இருப்பு. கம்ப்யூட்டரில் பில் போட்டாலும் அந்த நோட்டையும் எழுதுகிறார்கள். ஏன் என்று கேட்டதற்குக் கடைக்காரர், "கரண்டு போனாலும் கடன்காரன் வருவான்ல" என்றார்.

அங்கேதான் மகமை என்ற வார்த்தையின் முழு அர்த்தமும் எங்களில் பலருக்குத் தெரிந்தது. வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று பொதுக் காரியத்துக்குத் தனியே எடுத்துவைக்கும் பணம் அது. அந்தப் பணத்தில்தான் இந்தப் பக்கம் பள்ளிக்கூடங்கள் எழும்பின. காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலைக்கு வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்துவைத்த கதையை எல்லாரும் கேட்டிருப்போம். இப்படிப் பொதுப் பணத்துக்குக் கணக்குக் கேட்டே பழகிய ஊரில்தான் நாங்கள் ஸ்பான்சர் கேட்கப் போனோம்.

டிசம்பர் முதல் வாரம் இன்டர்காலேஜ் மீட் என்று முடிவாகியிருந்தது. பிசினஸ் க்விஸ், ஆட்ஸாப் (விளம்பரத்தை நடித்துக் காட்டுவது), பெஸ்ட் மேனேஜர், பேப்பர் பிரசென்டேஷன், வழக்கமானவைதான். மொத்தம் 31 கடை ஏறினோம். ஐந்து கடையில் பணம் கிடைத்தது: ஒருவர் 10,000, ஒருவர் 5,000, ஒருவர் 3,000, இரண்டு பேர் ஆளுக்கு 2,000. ஆக 22,000. ஸ்டால் போட்ட இரண்டு கோச்சிங் சென்டர்கள் 1,500 வீதம் 3,000 தந்தார்கள்.

ஸ்பான்சர் கேட்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், அடுத்து போகிறவர்களுக்கு உதவும். முதல் வாரம் சாயங்காலம் ஆறு மணிக்குப் போய் நின்றோம். வியாபாரம் நடக்கிற நேரத்தில் டை கட்டிய நான்கு பேர் கல்லாவை மறைத்துக்கொண்டு நின்றால் எந்த அண்ணாச்சிக்கும் கோபம்தான் வரும். காலையில் கடை திறந்து, சாமி கும்பிட்டு, முதல் போணி முடிந்த பிறகு பதினொன்றரை மணி வாக்கில் போனால் உட்காரச் சொல்கிறார்கள். தீபாவளிக்கு முந்தின மூன்று வாரம் யாரிடமும் போகக்கூடாது. தீபாவளி முடிந்து பத்து நாள் கழித்துப் போனால் மனசும் கையும் கொஞ்சம் தாராளமாக இருக்கும். அப்புறம், எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி "எத்தன பேர் வருவாங்க?" இரண்டாவது கேள்வி "எந்த ஊர்ப் பிள்ளைங்க?" ஜவுளிக்கடைக்கு மதுரைக் கல்லூரிப் பிள்ளைகள் வந்து என்ன பிரயோஜனம்? அருப்புக்கோட்டை, சாத்தூர், சிவகாசி என்று கல்லூரிப் பட்டியலை நாங்கள் கையோடு கொண்டுபோன கடைகளில்தான் பேச்சு நகர்ந்தது.

ஒரு பாத்திரக் கடை அண்ணாச்சி நாங்கள் நீட்டிய நோட்டீஸைத் தொடவே இல்லை. "மூணு வருசத்துக்கு முன்னாடி உங்க காலேஜ்ல இருந்து வந்து மூவாயிரம் வாங்கிட்டுப் போனாங்க. அது என்னாச்சுன்னு ஒருத்தரும் வந்து சொல்லல. பணத்துக்காகக் கேக்கல தம்பி, மகமைக்குக் குடுத்தாக்கூட வருசம் முடிஞ்சா கணக்குப் படிப்பாங்க" என்றார். செயலாளருக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அந்தக் காக்கிக் கவர் ஞாபகம் வந்தது.

மீட் அன்று 214 பேர் வந்தார்கள். ஆளுக்கு 150 ரூபாய் பதிவுக் கட்டணம், மதியச் சாப்பாட்டோடு. பதிவு மேசையில் உட்கார்ந்தது எங்கள் இணைச் செயலாளர். ஊர் சாத்தூர். அவனை எல்லாரும் சாத்தூர் என்றே கூப்பிடுவோம், வருகைப் பதிவேட்டில்தான் அவனுக்கு வேறு பெயர். காலை ஒன்பது மணிக்குப் பத்துக் கல்லூரி பஸ்கள் ஒன்றாக வந்து நின்றபோது அந்த மேசை ரேஷன் கடை மாதிரி ஆகிவிட்டது. பழைய ரசீது புத்தகத்தில் 150 ரசீதுதான் மிச்சம் இருந்தது. அது தீர்ந்ததும் மீதி 64 பேரை லாங் சைஸ் நோட்டில் பேர் மட்டும் எழுதி உள்ளே விட்டான். வேறு வழியும் இல்லை, புது ரசீது புத்தகம் அடிக்கச் சொல்லாதது நான். 91 பேர் ரொக்கமாகக் கொடுத்தார்கள். 123 பேர் ஜிபே. அந்த ஜிபேயும் ஒரே போனுக்கு வரவில்லை. சாத்தூர் போன், செயலாளர் போன், என் போன் என்று மூன்றுக்கு. ஆறு பேர் டீமுக்கு 900 ரூபாயை ஒருத்தரே அனுப்பியிருப்பார், அனுப்பிய பேர் அவருடைய அப்பா பேராக இருக்கும். அதைப் பேர்பட்டியலோடு பொருத்த எனக்கு இரண்டு ராத்திரி ஆனது.

சாப்பாட்டுக் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். வருகிறவர்கள், எங்கள் தொண்டர்கள், ஆசிரியர்கள் எல்லாம் சேர்த்து 260 பிரியாணி சொல்லியிருந்தோம். 110 ரூபாய் வீதம் 28,600. எல்லாம் சிக்கன். கார்த்திகை மாதம் என்பது எங்கள் ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை. பஸ்ஸிலிருந்து கருப்பு வேட்டியும் நீல வேட்டியுமாக இறங்குகிறார்கள். மாலை போட்ட பிள்ளைகளிடம் பிரியாணி டோக்கனை நீட்டிய பாவம் எங்களைச் சேரும். பன்னிரண்டே கால் மணிக்கு சாத்தூர் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடி, பக்கத்து மெஸ்ஸில் நாற்பது சாம்பார் சாதப் பொட்டலம் கட்டி வாங்கி வந்தான். 60 ரூபாய் வீதம் 2,400. மேசையில் வசூலான ரொக்கத்திலிருந்துதான் கொடுத்தான். மெஸ்காரர் பில் தரவில்லை, அந்த அவசரத்தில் இவனும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை மீட் முடிந்தது. அன்று ராத்திரி களைப்பில் தூங்கினேன். வெள்ளி, சனி அப்படியே போனது. ஞாயிறு ராத்திரி பதினொன்றரை மணிக்கு ஒரு துணிப்பையில் இருந்த துண்டுச் சீட்டு எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டி எழுத ஆரம்பித்தேன். பூ மாலை, மைக் செட், ஃபிளெக்ஸ், டீ, சால்வை, ஷீல்டு, ஆட்டோ. சில சீட்டில் தேதி இல்லை, சிலதில் கடை பேர் இல்லை. வெப்பத் தாளில் (தெர்மல் பேப்பர்) அடித்த இரண்டு பில் வியர்வை பட்டு வெளுத்திருந்தது.

திங்கள்கிழமை துறையில் உட்கார்ந்து கூட்டினோம். மொத்த வரவு 75,940. நான் எழுதியபடி செலவு 70,115. கையில் 5,825 இருக்க வேண்டும். ரொக்கமும் ஜிபேயும் சேர்த்து எண்ணிப் பார்த்தால் 3,125. இரண்டாயிரத்து எழுநூறு இடிக்கிறது.

நான்கு தடவை கூட்டினேன். நான்கு தடவையும் அதே 70,115. அதனால் என் நோட்டு சரி, பணம்தான் எங்கோ போய்விட்டது என்று முடிவுக்கு வந்துவிட்டேன். யாரும் யாரையும் நேரடியாக எதுவும் சொல்லவில்லை. "மேசையில எத்தன பேர் இருந்தீங்க?" என்று ஒருவன் கேட்டான். "அந்த நாற்பது பொட்டலத்துக்குச் சீட்டு இருக்கா?" என்று இன்னொருவன். ரசீது இல்லாத அந்த 64 பேரைப் பற்றி யாரும் பேசவில்லை, ஆனால் லாங் சைஸ் நோட்டை மட்டும் ஒவ்வொருவராக எடுத்துப் புரட்டிப் பார்த்தார்கள். 'கணக்கைப் பார்த்தால் பிணக்கு வரும்' என்று சும்மாவா சொன்னார்கள். நான் எதுவும் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்ததும் ஒரு பேச்சுதான் என்று எனக்கு அப்போதே தெரியும்.

புதன்கிழமை சாத்தூர் ஐந்து ஐந்நூறும் இரண்டு நூறுமாகக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். "எங்கயாச்சும் மிச்சம் குடுக்கறப்ப தவறியிருக்கும். இத்தோட முடிச்சுருவோம்" என்றான். அவன் சாயங்காலம் ஒரு சேவுக்கடையில் பொட்டலம் போடுகிற வேலை பார்த்துக்கொண்டிருந்தவன். நான் வாங்கிக் காக்கிக் கவரில் வைத்தேன். நோட்டில் எதுவும் எழுதவில்லை. கணக்கு சரியாகிவிட்டது.

பொங்கல் லீவுக்கு வீட்டுக்குப் போனபோது தாத்தாவிடம் இதைச் சொன்னேன். யார் எடுத்தது என்று அவர் கேட்கவே இல்லை. "என்னைக்குத் தாயி எழுதுன?" என்றுதான் கேட்டார். மீட் வியாழன், எழுதினது ஞாயிறு என்றேன். "அப்ப மூணு ராத்திரி சும்மா கிடந்திருக்கு" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டார். அது எனக்குப் பழைய காலத்துக் கண்டிப்பாகத்தான் பட்டது.

ஜனவரி கடைசியில் கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு கொடுக்கிற நாக் (NAAC) குழு வருகிறது என்று எல்லாத் துறையிலும் ஃபைல் தயாரிப்பு மும்முரமாக நடந்தது. (கல்லூரியில் எந்த நல்ல காரியமும் நாக்குக்காகத்தான் நடக்கும், அதைத் தனியாக எழுதலாம்.) எங்கள் பொறுப்பாசிரியை மேடம் மீட் ஃபைலை எடுத்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். பணம் குறைந்ததும் நிறைந்ததும் அவருக்குத் தெரியாது, நாங்கள் சொல்லவில்லை. "செலவெல்லாம் பட்டியலா இருக்கு, வவுச்சர்ல டிக் அடிச்ச அடையாளமே இல்லையே? யாரு செக் பண்ணா?" என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எவ்வளவு குறைஞ்சது?"

"ரெண்டாயிரத்து எழுநூறு மேடம்."

"ஒன்பதால வகுத்துப் பாத்தியா?"

பாடத்தில் படித்ததுதான். பக்கத்துப் பக்கத்து இலக்கம் இரண்டு இடம் மாறிப்போனால் வருகிற வித்தியாசம் எப்போதும் ஒன்பதில் அடங்கும். 63-ஐ 36 என்று எழுதினால் 27 இடிக்கும், 52-ஐ 25 என்று எழுதினாலும் 27தான். 2,700-ஐ ஒன்பதால் வகுத்தால் 300. அப்படியானால் ஆயிரமும் நூறும் இடம் மாறியிருக்க வேண்டும், இரண்டு இலக்கத்துக்கும் வித்தியாசம் மூன்று. கையில் பணம் குறைந்திருப்பதால் செலவைக் குறைத்து எழுதியிருக்க வேண்டும். என் பட்டியலில் 14, 25, 36, 47, 58, 69 என்று தொடங்குகிற தொகையை மட்டும் தேடச் சொன்னார். இரண்டே இரண்டுதான் இருந்தன. பூ மாலை 1,450. ஷீல்டு 3,600. பூ மாலைக்கு 4,150 ஆகியிருக்க வாய்ப்பில்லை. ஷீல்டுக் கடைச் சீட்டை ஃபைலிலிருந்து உருவினேன். 6,300 என்று நீல மையில் தெளிவாக இருந்தது. ஞாயிறு ராத்திரி என் கண் முன்னால் இருந்த அதே சீட்டு.

நான் நான்கு தடவை சரிபார்த்தது கூட்டலைத்தான். எழுதியதைச் சீட்டோடு ஒருதடவைகூட ஒப்பிடவில்லை. தப்பாக எழுதியதை எத்தனை தடவை கூட்டினாலும் அதே தப்புதான் வரும். வேறொருவர் சீட்டை வாசிக்க, நான் நோட்டில் டிக் அடித்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். இன்னொன்றையும் மேடம் சொன்னார். ஐயாயிரத்துக்கு மேல் பணம் கொடுத்தால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். 6,300-க்கு அந்த ஸ்டாம்பைக் கேட்டிருந்தாலே அந்தத் தொகை மனதில் நின்றிருக்கும், 3,600 என்று எழுத வந்திருக்காது. பி.காமில் மூன்று வருடம் படித்தும் ஸ்டாம்பு எதற்கு என்று நாங்கள் யோசித்ததில்லை, அது தபால் ஆபீஸ் சமாச்சாரம் என்றே இருந்தோம்.

மேடம் அத்தோடு விடவில்லை. நோட்டீஸ் போர்டில் "மீட் லாபம் 5,825" என்று செயலாளர் எழுதிப் போட்டிருந்தான், நாங்களும் கைதட்டியிருந்தோம். அதைக் கழற்றச் சொன்னார். பெறுதல்கள் செலுத்தல்கள் கணக்கின் கடைசியில் நிற்பது ரொக்க இருப்பு, லாபம் அல்ல. பன்னிரண்டாம் வகுப்பிலேயே இலாப நோக்கற்ற அமைப்புகளின் கணக்குகள் என்று ஒரு பாடமே இருக்கிறது, அதில் நான் முழு மதிப்பெண் வாங்கியவள். பதிவு, ஸ்பான்சர், ஸ்டால் என்று மீட்டுக்காக வந்தது 57,100. மீட்டுக்குப் போனது 72,815. அதாவது 15,715 ரூபாய் நஷ்டம். அந்தப் பள்ளத்தை நிரப்பியது 176 பேரின் வருடச் சந்தாவும் கவரில் இருந்த பழைய 1,240-ம். சந்தா கட்டியவர்களில் பாதிப் பேருக்கு மேல் அன்று மீட் பக்கமே வரவில்லை. அவர்களுடைய பணத்தில் மற்ற கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பிரியாணி போட்டிருக்கிறோம். செய்யலாம், தப்பில்லை. ஆனால் கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டும்.

மீதி இருந்த இரண்டு மாதத்தில் சில விஷயங்களை மாற்றினோம். கல்லூரிக் கடிதம் வாங்கி, துறைத் தலைவரும் மேடமும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிற சேமிப்புக் கணக்கு ஒன்று தொடங்கினோம். வங்கிக்கு மூன்று வாரம் அலைந்தோம், ஆனால் அதற்குப் பிறகு ஒரே கியூஆர் அட்டைதான், யாருடைய சொந்த போனுக்கும் பணம் வருவதில்லை. பணம் வாங்குகிறவர் நோட்டு எழுதக்கூடாது, நோட்டு எழுதுகிறவர் பணத்தைத் தொடக்கூடாது என்று பிரித்தோம். செலவு செய்யப் போகிற ஆளுக்கு முன்பணம் 1,000, சீட்டு கொடுத்தால் அந்த அளவுக்குத் திரும்ப நிரப்புவோம். பில் தராத ஆட்டோ, பூக்காரம்மா, மெஸ் இதற்கெல்லாம் நாங்களே வவுச்சர் எழுதி, வாங்குகிறவரிடம் ஒரு கையெழுத்து. இது சங்கடமாக இருக்கும் என்று நினைத்தோம். பூக்காரம்மா, "எங்க மார்க்கெட்ல இத விட மோசமாக் கேப்பாங்க" என்று சிரித்துக்கொண்டே போட்டார். வெப்பத் தாள் பில்லை வாங்கிய இடத்திலேயே போட்டோ எடுத்து குரூப்பில் போட்டுவிடுவோம். பதிவு மேசைக்கு எண் போட்ட ரசீது தேவைக்கு மேல் ஐம்பது கூட இருக்கும். ரசீது அடிக்கட்டை, கையெழுத்துத் தாள், சாப்பாட்டு டோக்கன் மூன்றின் எண்ணிக்கையும் அன்று மதியமே ஒப்பிட வேண்டும். இது மட்டும் டிசம்பரில் இருந்திருந்தால் சாத்தூர் பக்கம் யார் கண்ணும் திரும்பியிருக்காது.

ஐந்து ஸ்பான்சர்களுக்கும் ஒரு பக்கக் கணக்கும் ஒரு போட்டோவும் கொண்டுபோய்க் கொடுத்தோம். பணம் தராத பாத்திரக் கடை அண்ணாச்சிக்கும் ஒரு பிரதி. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 15,715 நஷ்டம் என்ற வரியை இரண்டு தடவை வாசித்தார். "நஷ்டம்னு எழுதிக் குடுத்த மொத ஆளு நீங்கதான்" என்றார். அடுத்த வருடம் ஜூனியர்களுக்கு 2,000 கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன்.

சாத்தூரிடம் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான் சிரமமாக இருந்தது. அவன் வாங்க மாட்டேன் என்றான். கோபம் இல்லை, ஏதோ முடிந்துபோன விஷயத்தைக் கிளறுகிற அலுப்பு. நான் மன்னிப்புக் கேட்டேன். "நீயா சொன்ன? அவனுங்கதான சொன்னானுங்க" என்றான். சொல்லவில்லை என்பதற்காகத்தான் மன்னிப்பு என்று விளக்க எனக்கு வரவில்லை. நோட்டில் ஏறாமல் அந்தப் பணம் கவரில் இருக்க முடியாது, அவன் கொடுத்ததும் வரவில் வர வேண்டும், வாங்குவதும் செலவில் வர வேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டார் என்றேன். அது உண்மையும்தான். சரி என்று வாங்கினான்.

வவுச்சரை நீட்டி, கூடவே ஒரு ரெவின்யூ ஸ்டாம்பையும் எடுத்தேன். பார்த்துச் சிரித்தான்.

"ஐயாயிரத்துக்குக் கீழதான? ஸ்டாம்பு எதுக்கு? வெச்சுக்க, அடுத்த வருசம் ஷீல்டுக்கு ஆகும்."

விவரம் எழுதுகிற இடத்தில் தன் பேர் வேண்டாம் என்றான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்த வரியில் 'பொருளாளர் எழுத்துப் பிழையால் கூடுதலாகப் பெற்றது, திரும்பக் கொடுத்தது, ரூ. 2,700' என்று எழுதி, இலக்கத்தை வாய்விட்டு வாசித்து, தேதி போட்டேன். அன்றைய தேதி.